என் கையோடு வந்த தோல்

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஐப்பசி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில், இலங்கை மலையகத்தில் இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்குப் போகிற பஸ்ஸில் இது நடந்தது. என் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன்.

அக்கா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நான் டவுனில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். அவளுக்கு முதலில் வந்தது வெறும் வாய்ப்புண். மாதக்கணக்கில் ஆறவில்லை. வெற்றிலை போடுவதால்தான் என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். அவள் வெற்றிலையை விட்டாள், புண் அவளை விடவில்லை. காரம் தொட முடியாமல் கஞ்சியைக் குடித்துக்கொண்டே மலைக்குக் கொழுந்தெடுக்கப் போய் வந்தாள்.

பிறகு நெற்றியில், கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்துகிற இடத்தில், ஒரு நீர்க்கொப்புளம் கிளம்பி உடைந்தது. அடுத்தது தோளில். அப்புறம் இடுப்பில், மழைக்குச் சாக்கு கட்டுகிற இடத்தில். கயிறு உரசிய புண் என்றுதான் அவளும் நம்பினாள். மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டாள். ஒரு நாள் சட்டை கழற்ற முடியாதபடி முதுகோடு ஒட்டிக்கொண்டதைப் பார்த்த பிறகு, அவள் பேச்சைக் கேட்காமல் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அக்கா ஒரு சீட்டில் சாய்ந்து நின்றாள். வளைவு ஒன்றில் எதிரே லொறி வர, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். அக்கா முன்னால் சரிந்தாள். விழப்போகிறாளே என்று அவள் முன்கையை எட்டிப் பிடித்து இழுத்தேன்.

பிடி வழுக்கியது. ஏதோ ஈரம் என்று நினைத்துக் கையைப் பார்த்தேன். நனைந்த காகிதம் மாதிரி, அக்காவின் தோல் என் விரல்களுக்கு நடுவில் சுருண்டு கிடந்தது. அவள் முன்கையில், சற்று முன்புவரை ஒரு கீறல்கூட இல்லாத இடத்தில், என் கை அகலத்துக்குச் செக்கச்செவேல் என்று சதை தெரிந்தது.

அக்கா கத்தவில்லை. என் கையைப் பார்த்தபடி, "என்னாடி அது?" என்றாள்.

எனக்குக் கையை உதறவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு விலகினார்கள். யாரோ சிங்களத்தில் தொற்று வியாதி என்றார்கள். கண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, இறங்கி ஒரு ஆட்டோ பிடித்துப் போகச் சொன்னார். அவரும் பயந்துதான் போயிருந்தார்.

அப்போது முன் சீட்டில் இருந்த முஸ்லிம் அம்மா ஒருவர் எழுந்தார். "இங்க உக்காருங்க மகள்" என்று அக்காவைத் தன் இடத்தில் உட்கார வைத்தார். அவருடைய மகளுக்கு முதல் நாள் பிள்ளை பிறந்திருந்ததாம், பார்க்கப் போய்க்கொண்டிருந்தார். மடியிலிருந்த பையைத் திறந்து, பிறந்த குழந்தைக்கென்று துவைத்து மடித்து வைத்திருந்த மெல்லிய துணிகளை எடுத்தார். அழுத்தாமல், தேய்க்காமல், அக்காவின் கைமேல் ஒவ்வொன்றாகப் போர்த்தினார். பிறகு கண்டக்டரிடம் சிங்களத்தில், இவர்களை இறக்கினால் நானும் இறங்குவேன் என்றார். பஸ்ஸை எடுக்கச் சொல்லிக் கண்டக்டர் மணி அடித்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய அவசரத்தில் அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

தோல் டாக்டர் ஓர் இளம்பெண். அக்காவின் நல்ல தோலில் ஒரு விரலை வைத்து லேசாகத் தள்ளிப் பார்த்தார். பால் ஆடை போல அது நகர்ந்தது.

"நான் இழுத்ததாலதானே டாக்டர்?" என்று கேட்டேன். பஸ்ஸிலிருந்து அது ஒன்றுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இல்லை என்றார். தன் இரண்டு கை விரல்களையும் கோத்துக் காட்டிச் சிங்களத்தில் விளக்கினார். தோலில் ஒவ்வொரு உயிரணுவும் பக்கத்து அணுவை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறதாம். எங்காவது இழுவை விழுந்தால் அந்தப் பிடிக்கு அது தெரியும், உடனே இன்னும் இறுக்கிக்கொள்ளும். இத்தனை வருடம் கூடைக் கயிற்றை அக்காவின் நெற்றி தாங்கியது அப்படித்தான். இப்போது அவள் இரத்தமே அந்தப் பிடிகளை எதிரி என்று நினைத்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் எங்கே பாரம் விழுந்ததோ அங்கே முதலில் பிரிந்தது. பெம்பிகஸ் என்று வியாதிக்குப் பெயர் சொன்னார். யாருக்கும் தொற்றாது, ஆனால் கவனிக்காமல் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றும் சொன்னார்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என் ஒடம்பே எனக்கு இப்படிச் செய்யுமா?"

டாக்டர் அவள் தலையைத் தடவக் கை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாட்டில் கிடந்தாள். பெட்ஷீட் ஒட்டுகிறது என்று நர்ஸ்மார் வாழையிலை விரித்து அதன்மேல் படுக்க வைத்தார்கள். மாத்திரையில் முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. திடீரென்று ஒரு நாள் புதுக் கொப்புளம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அப்படியே, மெதுவாக, தோல் மூடியது.

இன்னும் மாத்திரை சாப்பிடுகிறாள். கூடை தூக்கக் கூடாது என்பதால் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் அங்கே போயிருந்தேன். வாலுப்பயல் ஒருவன் அவள் முன்கையைப் பிடித்துத் தொங்கினான். எனக்கு உயிரே நின்றுவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே, "இருடா, கீழ விழுந்துருவ" என்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து இழுக்க முடிகிறதே, அது எவ்வளவு பெரிய கொடுப்பினை என்று அந்த பஸ் பயணத்துக்கு முன்பு நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.