வண்டி எடுக்கப் போனவன்

படிக்காத புத்தகத்தை மூன்று தடவை படித்திருக்கிறேன் என்று சொன்ன ஆள் நான். ஒரு தடவை என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். சும்மா சொல்வதுதானே, கூட இரண்டு சேர்த்துச் சொல்வோமே என்று தோன்றிவிட்டது. கத்தரிக்காய் வாங்கினால் கறிவேப்பிலை கொசுறு கேட்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்குப் பொய்யிலும் கொசுறு இல்லாமல் முடியாது.

சொன்ன இடம், புனேயில் வானவடிப் பக்கம் ஒரு மூன்றாம் மாடி பால்கனி. சொன்னது, வீட்டில் எனக்காகப் பார்த்திருந்த பெண்ணிடம்.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. போபோடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு மென்பொருள் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். அப்பா மில் வேலைக்காகக் கோயம்புத்தூரில் குடியேறியவர்; பூர்வீகம் திருநெல்வேலி. அந்தப் பக்கத்துப் பெண்ணாகத் தேடித் தேடிக் கடைசியில் கிடைத்தவள், நான் தினமும் ஸ்கூட்டரில் சுற்றுகிற ஊரிலேயே இருந்தாள். சென்னையில் படித்துவிட்டு, புனேயில் வேறொரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு, ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற தாய்மாமா வீட்டில் தங்கியிருந்தாள். ஜாதகம், சம்பளம், என் பல்வரிசை எல்லாம் பெரியவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள். பாக்கி இருந்தது அவளுடைய சம்மதம் மட்டும். மாமா வாசலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, எங்களுக்கெல்லாம் சம்மதம். ஆனா அவ வேண்டாம்னு சொல்லிட்டான்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது, பாத்துக்கிடுங்க."

கேசரி தின்று முடித்ததும் பேசுவதற்காக எங்களைப் பால்கனிக்கு அனுப்பினார்கள். எனக்கு அவளைப் பார்த்தவுடனேயே பிடித்துவிட்டது, அதுதான் வினை. பிடிக்காமல் இருந்திருந்தால் உண்மையே பேசியிருப்பேன்.

"புக்ஸ் படிப்பீங்களா?" என்று கேட்டாள்.

"நிறைய."

"என்ன மாதிரி?"

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே அலமாரியில் தலையணை கனத்தில் மூன்று தொகுதிகள் தெரிந்தன. இங்கிலீஷ் மாயாஜாலக் கதை. அதைத்தான் படமாக எடுத்து வருஷத்துக்கு ஒன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு படங்களையும் நான் பார்த்திருந்தேன், முக்கால்வாசி முழித்துக்கொண்டு. கை தானாக நீண்டது. "அதைத்தான் மூணு தடவை படிச்சிருக்கேங்க."

அவள் முகம் மலர்ந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அதற்கு அப்புறம் அவள்தான் பேசினாள். மூன்றாவது படம் வரப்போகிறது, அதுதான் கடைசி, தூக்கமே வரமாட்டேன் என்கிறது, புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தைப் படத்தில் வைப்பார்களா வெட்டிவிடுவார்களா என்று ஒரே பயமாக இருக்கிறது என்றாள். நான் தலையை ஆட்டினேன். "சேர்ந்து போய்ப் பார்ப்போமா? மாமாவும் வருவாங்க" என்றாள். அதற்கும் ஆட்டினேன்.

அன்றிலிருந்து எனக்கும் தூக்கம் வரவில்லை. காரணம்தான் வேறு.

புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஏழாம் பக்கத்தில் ஒரு மலையின் வம்ச வரலாறு தொடங்கியது. மூடி வைத்துவிட்டேன். ஆபீஸ் இன்டர்நெட்டில் ரசிகர்கள் கூடி விவாதம் பண்ணுகிற தளம் ஒன்று இருந்தது. அங்கே எவனோ புண்ணியவான் மொத்தக் கதையையும் சுருக்கிப் போட்டிருந்தான். மற்ற நாடுகளில் படம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. 'தியேட்டரிலேயே தேம்பினேன்', 'என் இளமை இன்றோடு முடிந்தது', 'பார்க்காதவர்கள் இதற்குக் கீழே படிக்காதீர்கள்' என்று ஆளாளுக்கு ஒப்பாரி வைத்திருந்தார்கள். நான் கீழேதான் படித்தேன். ஒரு படகோட்டி அணையாத தீ ஒன்றைச் சுமந்துகொண்டு கருங்கோட்டைக்குப் போகிறான். கோட்டை இடிகிறது, உள்ளே இருந்த கொடியவன் சாகிறான். அந்த இடத்தில் என் மேனேஜர் முதுகுக்குப் பின்னால் வந்து தொண்டையைக் கனைத்தார். கம்ப்யூட்டர் ஜன்னலை மூடினேன்.

திரும்பத் திறந்து மிச்சத்தைப் படித்திருக்கலாம். தோன்றவே இல்லை. வில்லன் செத்தாச்சு, அவள் சொன்ன கடைசி அத்தியாயமும் இதுவாகத்தான் இருக்கும், இனிமேல் என்ன இருக்கிறது? நான் பார்த்து வளர்ந்த படங்களில் வில்லன் செத்தால் ஜீப்பில் போலீஸ் வரும், எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள், வணக்கம். திரையில் போலீஸைக் கண்டதும் செருப்பைத் தேடுகிற பரம்பரை நாங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி, கேம்ப் பகுதியில் ஒரு பழைய தியேட்டர். மாமா தன் ஸ்கூட்டரில் அவளைப் பின்னால் உட்காரவைத்து வந்தார். புனேப் பெண்களைப் போலவே முகம் முழுக்கத் துப்பட்டாவைச் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டிருந்தாள். நான் போபோடியிலிருந்து சட்டைக்குள் வியர்த்தபடி வந்தேன். வாகனம் நிறுத்துகிற இடத்தில் ஸ்கூட்டர்கள் தீப்பெட்டிக் குச்சி மாதிரி அடுக்கப்பட்டிருந்தன. இந்த ஊரில் ஆளுக்கு ஒரு வண்டி. படம் விட்டதும் முதலில் போகாதவன் கடைசி வண்டி நகரும் வரை வெயிலில் நிற்க வேண்டியதுதான். மாமா அதைப் பார்த்துக் கவலைப்பட்டார். நானும் அவருக்காக மரியாதைக்குக் கவலைப்பட்டேன்.

உள்ளே மாமா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்தார். தேசிய கீதத்துக்கு அவர் நின்ற நிற்பில் முன்வரிசைக் கல்லூரிப் பசங்கள் திரும்பிப் பார்த்துத் தங்கள் முதுகையும் நிமிர்த்திக்கொண்டார்கள். படம் தொடங்கியதும் அதே பசங்கள் தலைப்புக்கு விசில், குதிரைக்கு விசில், படகுக்குக்கூட விசில். மாமாவுக்கு அப்பால் அவள் இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள். நான் திரையைப் பார்த்த நேரத்தைவிட அந்தக் கையைப் பார்த்த நேரம் அதிகம்.

இடைவேளையில் மாமா மடிக்கு மேலாகச் சாய்ந்து கேட்டாள். "கடைசி அத்தியாயம் வெச்சிருப்பாங்களா? உங்களுக்கு என்ன தோணுது?"

"கண்டிப்பா வெச்சிருப்பாங்க."

"எப்படி இவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அது இல்லாட்டிப் படமே வேஸ்ட்டுங்க."

அவள் ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு திரும்பிக்கொண்டாள். பாஸ் பண்ணிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மாமா சமோசாவைக் கடித்துக்கொண்டே, "எனக்கு ஒரு எழவும் வெளங்கல. யாரு நம்ம ஆளு, யாரு எதிராளி?" என்றார். அதைப் பற்றி எனக்கே தெளிவில்லாததால், "ரெண்டாம் பாதியில புரிஞ்சிரும் சார்" என்றேன்.

இரண்டாம் பாதியில் கருங்கோட்டை இடிந்தது. சும்மா இல்லை, நெஞ்சு அதிர இடிந்தது. படகோட்டி புழுதியில் கண்மூடிக் கிடந்தான். இசை மெல்லத் தேய்ந்து திரை இருண்டது. முன்னால் நாலைந்து பேர் கை தட்டினார்கள். நான் எழுந்தேன்.

"எங்க போறீங்க?" என்றாள்.

"வண்டிய எடுக்க. கூட்டம் கிளம்பிட்டா மாட்டிக்குவோம்."

"முடிஞ்சிருச்சா?" குரல் ரொம்ப மெதுவாக இருந்தது.

"முடிஞ்சிருச்சுங்க."

"சரியாச் சொன்னீய தம்பி" என்று மாமாவும் எழுந்துவிட்டார். "நீ மெள்ள வாம்மா. நாங்க போய் வண்டிய எடுத்து வைக்கோம்." யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு வெளியே போனோம். பின்னாலிருந்து ஒருவர் மராத்தியில், "அரே, பஸா நா! அஜூன் ஆஹே!" என்று கத்தினார். உட்காரு, இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அர்த்தம் தெரியும். வேறு யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

வெளியே வந்து இரண்டு வண்டிகளையும் இழுத்து வாசலுக்கு நேராக நிறுத்தினோம். யாரும் வரவில்லை. மாமா கைக்குட்டையால் சீட்டைத் துடைத்தார். யாரும் வரவில்லை. உள்ளேயிருந்து முரசுச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு பெண் பாடுவது.

"தம்பி, படம் இன்னும் ஓடுதோ?"

"பேர் போடுறப்ப பாட்டுப் போடுவாங்க சார்."

"இம்புட்டு நேரமா பேரு போடுதான்?"

கதவுக்கு ஓடினேன். அது வெளியே போகிற வழி, உள்ளே விடமுடியாது என்று வாசல்காரர் இந்தியில் சொன்னார். டிக்கெட் துண்டு மூன்றும் அவள் கைப்பையில் இருந்தது. திரும்பி வந்தேன். மாமா ஸ்கூட்டரில் பக்கவாட்டில் உட்கார்ந்து என்னை நிதானமாகப் பார்த்தார்.

"அந்தப் புஸ்தகத்த மூணு தடவ படிச்சிருக்கீயன்னு அவ சொன்னாளே?"

"ஆமாங்க சார்."

"மூணு தடவையும் கடைசிப் பக்கம் கிழிஞ்சி போயிருந்துச்சோ?"

நான் என் வண்டியின் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். மாமா விடவில்லை. "போன வருசம் ஒரு பையன் வந்தான். நல்ல எடம். ரெண்டாவது படத்துக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு கட்டத்துல இவ அழுதா, அவன் சிரிச்சான். வெளிய வந்ததும் வேண்டாம்னுட்டா."

"சிரிச்சதுக்கா?"

"அவனாச்சும் உள்ள இருந்து சிரிச்சான்."

அந்த வெயிலில் நின்று, திருநெல்வேலிக்கு ஃபோன் போகும், அங்கிருந்து கோயம்புத்தூருக்குப் போகும், 'உங்க மகன் படம் முடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சிட்டானாமே' என்று அம்மாவிடம் கேட்பார்கள், அம்மாவுக்கு அது என்ன குற்றம் என்றே விளங்காது என்று வரிசையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. முதலில் வந்த கல்லூரிப் பசங்களில் விசிலடித்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். இன்னொருவன், "எத்தனை தடவைடா முடிப்பாங்க?" என்று இந்தியில் சலித்துக்கொள்ள, மூன்றாமவன் அவனை அடிக்கவே போனான். ஒரு கணவனும் மனைவியும் கைகோத்து ஒரு வார்த்தை பேசாமல் தெருவைக் கடந்தார்கள். எல்லோரும் ஏதோ சாவு வீட்டிலிருந்து வருகிற மாதிரி வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாது.

கடைசியில் அவள். முகத்தில் துப்பட்டா சுற்றியாகிவிட்டது. கண் மட்டும் சிவந்திருந்தது. அழுத சிவப்பா, கோபச் சிவப்பா? இந்த ஊர்ப் பெண்கள் முகத்தை மூடுவது தூசிக்காக என்பார்கள். என் மாதிரி ஆட்களை வதைப்பதற்காகத்தான் என்று அன்று முடிவு செய்தேன்.

"கடைசி அத்தியாயம்...?" என்று இழுத்தேன்.

"வெச்சிருந்தாங்க."

மாமாவின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வண்டி போய்விட்டது. சீக்கிரம் எடுத்து வைத்ததால் நெரிசல் இல்லாமல் போய்விட்டது.

அடுத்த நாள் ஃபோன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும். மாமாவைக் கூப்பிடலாமா என்று எண்ணைப் போட்டுப் போட்டு அழித்தேன். வாரத்தின் நடுவில், பல்வலி என்று ஆபீஸில் சொல்லிவிட்டு அதே தியேட்டருக்குப் போனேன். தனியாக. கோட்டை இடிந்தபோது நாலு பேர் எழுந்தார்கள். "பஸா நா!" என்று நான் கத்தினேன்.

அப்புறம்தான் கடைசி அத்தியாயம் வந்தது. படகோட்டி தன் துறைக்குத் திரும்பி வருகிறான். அவன் படகை வேறு எவனோ ஓட்டுகிறான். யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் மற்றவர்களோடு ஏறி உட்கார்ந்து, தன் படகிலேயே பிரயாணியாக ஆற்றைக் கடக்கிறான். அவ்வளவுதான். நான் மூக்கை உறிஞ்சினேன். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டை கொடுத்தார். எனக்கு வந்தது துக்கம்கூட இல்லை, கோபம்.

வெளியே வந்த வேகத்தில், யோசித்தால் செய்யமாட்டேன் என்று, அவளுக்கு ஃபோன் பண்ணினேன். ஆபீஸில் இருந்தாள்.

"அவன் ஏங்க சொல்லலை?" என்றேன்.

"யாரு?"

"படகோட்டி! நான்தான்டா இந்தப் படகுக்காரன், உங்களுக்காகத்தான் அத்தனை தூரம் போனேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா? பேசாம உக்காந்து போறான். இப்படி ஒரு முடிவை எழுதுறதுக்கு அந்த ஆளுக்கு எப்படிங்க மனசு வந்துச்சு? கடைசியில படகுல ஒரு அம்மா அவனையே பார்த்துக்கிட்டு இருக்கு. அதுக்குத் தெரிஞ்சிருச்சா, தெரியலையா? அதையாவது காட்டினாங்களா? எனக்கு இன்னிக்குச் சாப்பாடே இறங்காது."

இதற்கு மேல் இழக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியது. "நான் அந்தப் புத்தகத்தைப் படிக்கலைங்க. ஒரு தடவைகூட."

"தெரியும்."

"நான் எந்திரிச்சப்பவா?"

"அதுக்கு முன்னாடி. இன்டர்வெல்ல."

"அப்ப நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே!"

"கண்டிப்பா வெச்சிருப்பாங்கன்னு சொன்னீங்க. அதைப் படிச்சவங்க யாருக்கும் அப்படிச் சொல்ல வராது. வெச்சிருக்காங்களா இல்லையான்னு பயந்துக்கிட்டேதான் இருப்பாங்க. உங்களுக்குத்தான் ஒரு பயமும் இல்லையே."

அத்தனை நாளும் நான் இருந்த இருப்பை அவளுக்கு எப்படிச் சொல்வது? கேம்ப்பின் அத்தனை ஆட்டோக்களும் அப்போது பார்த்து ஹாரன் அடித்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு, கேட்டேன்: "இப்ப... நம்ம விஷயத்துல... நான் வீட்டுக்கு என்னன்னு சொல்லட்டுங்க?"

"தேதியை மாமாகிட்ட பேசிக்கோங்க, எனக்கு மீட்டிங் இருக்கு."