படையலில் ஒரு கிண்ணம் உப்புமா

என் நாவலைப் படித்துவிட்டு ஒருத்தர் சிரித்தார் என்று கேள்விப்பட்டால் எனக்குச் சந்தோஷம். அழுதார் என்றாலும் சந்தோஷம்தான். "படிச்சதும் மனசு லேசாயிடுச்சு மேடம்" என்று யாராவது சொன்னால் மட்டும் சுள்ளென்று கோபம் வருகிறது. நான் என்ன தலைவலித் தைலமா விற்கிறேன்?

கதை இதுதான். புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண், அமாவாசைக்கு அமாவாசை அவன் படத்துக்கு முன்னால் இலை போட்டு, அவனுக்கு ஆகவே ஆகாத பண்டமாகப் பார்த்துப் படைக்கிறாள். ஒரு மாதம் பாகற்காய். ஒரு மாதம் முருங்கைக்கீரை. ஒரு மாதம் சர்க்கரை போடாத காபி. உயிரோடு இருந்தபோது இதற்கெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவன் அவன். அந்தக் கோபத்திலாவது திரும்பி வந்து தன்னோடு சண்டை போடட்டும் என்று காத்திருக்கிறாள். பன்னிரண்டு அமாவாசை, பன்னிரண்டு அத்தியாயம். அவன் வரவில்லை. கடைசி மாதம் படைத்ததைத் தானே சாப்பிட்டுவிட்டு, இலையை எடுத்துப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புகிறாள்.

எனக்கு வீடு திண்டிவனம், வேலை விழுப்புரத்தில் ஓர் அலுவலகத்தில் கிளார்க். சீசன் டிக்கெட்டில் போய்வருகிறவள். அதனால் என் முதல் வாசகர்கள் ரயிலில் பெண்கள் பெட்டியில்தான் இருந்தார்கள். ஒலக்கூரிலேயே ஏறி எனக்கும் சேர்த்து இடம் பிடித்து வைக்கும் ஒரு நர்ஸ், ஒரே வாரத்தில் படித்து முடித்து புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"மயிலம் வரைக்கும் சிரிச்சிக்கினு வர்றேன், பேரணி தாண்டறதுக்குள்ள அழுவாச்சி வந்துடுது. எதிர்ல உக்காந்துக்கினு இருக்கறவங்க இன்னா நெனப்பாங்க? ஒண்ணு சிரிக்க வைங்க, இல்ல அழ வைங்கக்கா. பேஜாரா இருக்குது."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வங்கிக்கார அம்மாவுக்குக் கதையே பிடிக்கவில்லை. செத்தவருக்குப் பிடிக்காததைப் படைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்லி, அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்தார். தீட்டு தொற்றிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. வானூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்து முக்கால் மணி நேரம் பேசினார். துக்கத்தை இப்படிக் கேலிக்கூத்தாக்கலாமா, இளம்பெண்கள் இதைப் படித்து என்ன கற்றுக்கொள்வார்கள் என்பது அவர் கேள்வி. பாகற்காய் சமைக்கக் கற்றுக்கொள்வார்கள் சார் என்றேன். போனை வைத்துவிட்டார்.

எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் நான் எதிர்பார்க்காத மாதிரிப் பேசினார். மனைவியை இழந்தவர். மாத்திரையை உறையில் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "எங்க வூட்ல அதுக்கு கிரிக்கெட்னா ஆவாது. நேத்து மேட்ச்சு. போட்டோவுக்கு நேரா டிவிய திருப்பி வெச்சி, சவுண்ட நல்லா ஏத்தி வெச்சிப் பாத்தேன். நல்லாத்தான் இருந்துது." அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் கேட்டார்கள். கற்பனை என்றேன். அது பொய்.

நான்கு வருடங்களுக்கு முன் என் அண்ணன் செத்துப்போனான். என்னைவிட ஒன்றரை வயதுதான் மூத்தவன். விழுப்புரத்தில் மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டான். பதினாறாம் நாள் கருமாதிப் படையலில் அவனுக்குப் பிடித்ததையெல்லாம் வைத்தோம். வடை, அதிரசம், வேகவைத்த மல்லாட்டைக் கடலை, கடையில் வாங்கிய பரோட்டா கூட. கற்பூரம் ஏற்றப் போகும் நேரத்தில் அண்ணி அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணத்தில் கோதுமை ரவை உப்புமாவைக் கொண்டுவந்து இலை நடுவில் வைத்தார்.

அந்த உப்புமாவின் வரலாறு உறவு மொத்தத்துக்கும் தெரியும். அண்ணனுக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து இரண்டு வருடமாகக் காலை டிபன் அதுதான். இரண்டு வருடமாகக் காலைச் சண்டையும் அதுதான். தெருவே கேட்கும். அத்தை ஒருத்தி சும்மா இருக்கவில்லை.

"உயிரோட இருந்தப்பதான் அதப் போட்டு அவன வதைச்ச. செத்தும் வுடமாட்டியா?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். பதினாறு நாள் அழுது வற்றிப்போன உடம்பிலிருந்து அது தன்னால் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன், ஆனால் அண்ணி பார்த்துவிட்டார். கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்துவிட்டு எழுந்து போனார்.

கோபத்தில்தான் வைத்தார் என்று நானும் நினைத்தேன். நாற்பத்து நான்கு வயதில் விட்டுவிட்டுப் போனவன் மேல் கோபம் வராமல் என்ன வரும்? அந்தக் கோபம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், அதைச் சுற்றி ஒரு நாவலே கட்டிவிட்டேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கப் பயம். அன்று காலையும் அந்த உப்புமாவுக்குச் சண்டை போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போனான் என்று அவர் சொல்லிவிட்டால், அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

புத்தகம் வந்த பிறகு அண்ணிக்கு ஒரு பிரதி கூடக் கொடுக்கவில்லை. மாதம் ஒருமுறையாவது அலுவலகம் முடிந்து அந்த வீட்டுக்குப் போகிறவள், மூன்று மாதமாக ரயிலைச் சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்தேன். அப்பா அம்மா இல்லை. அண்ணனும் போனபின் எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அந்த வீடு ஒன்றுதான். அதை நானே எழுதித் தொலைத்துவிட்டேனோ என்ற பயம், பாராட்டு வரும்போதெல்லாம் கூடவே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை விழுப்புரத்தில் ஒரு சின்ன வாசகர் கூட்டம். முப்பது பேர் இருக்கலாம். ஒரு பேராசிரியர் எழுந்து, துக்கம் பற்றிய விசித்திரக் கதைகளெல்லாம் துக்கத்தைப் பார்க்கப் பயந்தவர்கள் செய்கிற வேலை என்றார். எனக்குச் சுருக்கென்றது. இரண்டாவது வரிசையிலிருந்த கல்லூரிப் பெண் விடவில்லை. "சிரிச்சா துக்கம் இல்லைன்னு யார் சார் சொன்னது? எங்க அப்பா காரியத்துல நான் சிரிச்சேன்" என்றாள். ஒருத்தர் புருஷன் திரும்பி வந்திருக்கலாம் என்றார். இன்னொருத்தர் அவளுக்கு மறுமணம் செய்து வைத்திருக்கலாம் என்றார். ஆளுக்கு ஒரு முடிவு வைத்திருந்தார்கள். ஏற்புரைக்கு எழுந்தபோதுதான் கடைசி வரிசையில் அண்ணி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன்.

என்ன பேசினேன் என்று இன்றுவரை நினைவில்லை. நன்றி சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அண்ணி நேராக வந்தார். "வூட்டுக்கு வா" என்றார். ஆட்டோவில் கூட்டிப்போனார். வீட்டுக்குப் போனதும் உலை வைத்து அரிசியைக் களைந்து போட்டுவிட்டு வந்து, என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"மூணு மாசமா ஏன் வரல?"

"வேலை அண்ணி."

"பொய் சொல்லாத. புக்க நான் வேல செய்யற அங்கன்வாடில ஒரு புள்ளையோட அம்மா குடுத்துச்சி. இது ஒங்க நாத்தனா எழுதனதுதானேன்னு கேட்டுச்சி. ரெண்டு தடவ படிச்சிட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மொதல்ல கோவம்தான் வந்துது. என் வூட்டுப் படையல எடுத்து ஊருக்கே இல போட்டுட்டாளேன்னு. அப்பறம் அந்த முருங்கக்கீர மாசம் வந்துது பாரு, டிவிய நிறுத்திட்டுத் தனியா உக்காந்து சிரிச்சிக்கினு இருந்தேன். அந்தப் பொம்பளைய எனக்குப் புடிச்சிருக்குது. ஆனா அது நான் இல்ல. நான் கோவத்துல வெக்கல."

"பின்ன ஏன் வச்சீங்க?"

"இதையும் எழுதுவ நீ. எழுதிக்கோ. ஆனா சரியா எழுது" என்றார் அண்ணி. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அவரு போன அன்னிக்கிக் காலைல தட்டுல போட்டு வெச்சிட்டு, சண்டைக்கி ரெடியாதான் நின்னுக்கினு இருந்தேன். மனுஷன் வாயே தொறக்கல. பேப்பரப் பாத்துக்கினே தின்னாரு. மல்லாட்டைய வறுத்து ஒடைச்சிப் போட்டிருந்தேன், அதனாலயா இன்னான்னு தெரியல. தின்னுட்டுத் தட்ட நீட்டனாரு. இன்னும் கொஞ்சம் இருக்கான்னு கேட்டாரு. ரெண்டு வருஷத்துல அதான் மொத தடவ."

அடுப்பில் உலை மூடி தடதடத்தது. அண்ணி திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"அதான் படையல்ல வெச்சேன். கடைசியா கேட்டு வாங்கித் தின்னது அதுதானே. ஒங்க அத்த அப்படிக் கேட்டப்ப சொல்லியிருக்கலாம். சொன்னா கத்திக் கதறிடுவேன்னு வுட்டுட்டேன். அப்பறமா யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நாலு வருஷமா யாரும் கேக்கல. நீயும் கேக்கல."

இருநூறு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தப் பேராசிரியர் சொன்னது சரிதான், நான் பயந்தவள்தான். ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் என் அண்ணனின் கடைசிக் காலை எனக்கு அன்றே கிடைத்திருக்கும்.

"இருந்துதா அண்ணி? அண்ணன் கேட்டப்ப?"

"சட்டில இருந்ததெல்லாம் வழிச்சி வெச்சிட்டேன். அன்னிக்கி எனக்குத்தான் டிபன் இல்ல."

இதைச் சொல்லும்போது அண்ணியின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. அண்ணன் வயிறு நிறைந்து, சண்டை போடாமல், வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறான். எனக்கு அது போதும். கருமாதி முடிந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் வராத நான் அந்தத் தரையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். உள்ளே அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அண்ணி தேற்றவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அழுதுக்கினு இரு. கொழைஞ்சிடப் போவுது, நான் போயி சோத்த வடிச்சிட்டு வர்றேன்."