ஜிஸ்லேன் மைக்கைத் திருப்பித் தராத ஞாயிற்றுக்கிழமை

ஜிஸ்லேனைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் ரொட்டி வண்டியைத்தான் முதலில் சொல்வார்கள். பாரிசிலிருந்து வெகுதூரத்தில், அர்தென் காட்டோரம் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கெல்லாம் அவள் வண்டி ஒன்றுதான். தெருமுனையில் நிறுத்தி ஹாரன் அடிப்பாள். வேலைக்குப் போனவர்களின் வீட்டில், கதவில் தொங்கும் துணிப்பையில் ரொட்டியைச் சொருகிவிட்டுப் போவாள். சிரிப்பு, குசலம் எதுவும் கிடையாது. சரியான சிடுமூஞ்சி. பள்ளிக்கூடத்திலிருந்தே அவளோடு கிடந்து மாரடிப்பவள் என்பதால் எனக்கு இப்படிச் சொல்ல உரிமை உண்டு.

அவளுக்கு ஒரே மகன், தமியேன். கோடைத் திருவிழா நடனத்தின்போது, கார்கள் நிற்கும் இடத்தில் லுதோவிக் என்பவன் அவனை அடித்தே கொன்றான். குடிபோதையில் தொடங்கிய வெறும் வாய்த்தகராறு. தமியேனுக்கு அப்போது பத்தொன்பது வயது. லுதோவிக் சிறைக்குப் போனான். அவன் அம்மா யுகெத் இதே ஊரில்தான் இருந்தாள், ஜிஸ்லேன் அந்த வீட்டுக்கும் ரொட்டி போட்டாள். சிறைவாசம் முடிந்து அவன் வீடு திரும்பியதும் யுகெத் ஒன்றுக்குப் பதில் இரண்டு ரொட்டி கேட்டாள். மறுநாள் பையில் இரண்டு இருந்தன. ஊரெல்லாம் இதே பேச்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. "உன் உடம்புல ரத்தம்தான் ஓடுதாடி?" என்று கேட்டேன்.

"கேட்டாங்க, போட்டேன். உனக்கு வேற வேலை இல்லையா மார்த்தின்?" என்றாள்.

இந்த நிலையில்தான் அந்தப் படம் வந்தது. மகளைக் கொன்றவனைத் தேடிப் பிடித்துப் பழிவாங்கும் தாயின் கதை. எதையும் மறைக்காமல் காட்டுகிற படம். பாரிசில் பாதியில் எழுந்து போனவர்கள் மடக்கு நாற்காலிகளைப் படார் படாரென்று விட்டுவிட்டுப் போனார்களாம். அற்புதம் என்றது ஒரு கூட்டம். கசாப்புக்கடை என்றது இன்னொரு கூட்டம்.

எங்கள் ஊர் தியேட்டரை ஊர்க்காரர்களே சேர்ந்து சம்பளமில்லாமல் நடத்துகிறோம். டிக்கெட் கிழிப்பதும், விவாதத்தில் மைக் கொடுத்து வாங்குவதும் நான். படத்தை வரவழைக்க நாங்கள் முடிவு செய்ததும் மேயர் ப்ரிஷாருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மேயர் நினைத்தால் ஊருக்குள் ஒரு படத்தைத் தடுக்கலாம். மனிதர் நல்லவர்தான், ஆனால் காற்றடிக்கும் பக்கம் சாய்கிற ரகம். நேரே ரொட்டி வண்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"ஜிஸ்லேன் அம்மா, உங்க மனசு நோகக்கூடாது. ஒரு வார்த்தை சொல்லுங்க, தடை போட்டுடறேன்."

"வேண்டாம். நான் பார்க்கணும்."

"அதைப் போய் எதுக்கும்மா..."

"அந்தப் பொம்பளை என்ன பண்றான்னு எனக்குத் தெரியணும். ரொட்டி வேணுமா வேண்டாமா? பின்னாடி ஆள் நிக்குது."

ஞாயிறு மதியக் காட்சி. ஜிஸ்லேன் வருகிறாள் என்று தெரிந்ததும் ஊரே திரண்டுவிட்டது. விளக்கணைக்கும் நேரத்தில் கடைசி ஆளாக ஒருவன் வந்து காசை நீட்டினான். லுதோவிக்.

"உனக்கு இங்க என்னடா வேலை?"

"அவங்க பார்க்கிறதை நானும் பார்க்கணும்" என்றான், தலையை நிமிர்த்தாமல்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான். அந்த வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேறு இடம் போனார்கள்.

படத்தின் முடிவில் அந்தத் தாய் கொலைகாரனை ஒரு வைக்கோல் கிடங்கில் மடக்கிவிடுகிறாள். அதற்கு மேல் நடந்ததை நான் முழுதாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டேன். அப்போதுதான் கைதட்டல் கேட்டது. முதலில் குழாய் வேலை செய்யும் தியெரி, பிறகு பாதி அரங்கம். படத்துக்காகத் தட்டவில்லை, ஜிஸ்லேனுக்காகத் தட்டினார்கள். அவள் மூன்றாவது வரிசையில் ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்திருந்தாள்.

விளக்கு போட்டார்கள். எங்கள் வழக்கப்படி யாரும் எழுந்து போகவில்லை. படம் முடிந்தால் விவாதம் உண்டு, கம்பியில்லாத மைக் கைக்குக் கை போகும். மைக் வைத்திருப்பவர் பேசி முடித்து அதைத் திருப்பித் தரும்வரை வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. எங்கள் ஊரில் பலர் கடவுளையே விட்டுவிட்டார்கள், இந்த விதியை மட்டும் விடவில்லை.

தியெரிதான் முதலில் மைக்கை வாங்கினான். "படம்னா இதுதான் படம். ஜிஸ்லேன், அவன் இங்கதான் உட்கார்ந்திருக்கான். நீ தலையை மட்டும் ஆட்டு. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம். நடந்ததை யாரும் பார்க்கலைன்னு மேயரே சொல்லுவார்."

மேயர் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் எழுந்து போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். தியெரி மைக்கை என்னிடம் திருப்பித் தந்தான். ஜிஸ்லேன் தலையசைத்தால் லுதோவிக் உயிரோடு வீடு போகமாட்டான்.

ஜிஸ்லேன் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். "குடுடி."

எந்த விவாதத்திலும் அவள் பேசி நான் பார்த்ததில்லை. எழுந்து நின்றாள்.

"என் பையன் அடிவாங்கினப்ப சுத்தி நின்னவங்க கைதட்டினாங்களாம். கோர்ட்ல ஒரு பொண்ணு சொன்னா. யார் யாருன்னு நான் கேட்கலை. அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும்னு இத்தனை வருஷமா யோசிச்சிட்டு இருந்தேன். இன்னிக்குக் கேட்டுட்டேன்."

தியெரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"மைக் என்கிட்ட இருக்கு, தியெரி."

வாயை மூடிக்கொண்டான். அவள் படியேறிக் கடைசி வரிசைக்குப் போனாள். "எழுந்திரு. முன்னாடி நட" என்றாள். லுதோவிக் எழுந்தான். அவன் முன்னே, மைக்கை வாயருகே பிடித்தபடி அவள் பின்னே. ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் மூச்சு மட்டும் அரங்கம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது. அவள் முறை இன்னும் முடியவில்லையே! போலீஸ் வந்து சொல்லியிருந்தாலும் நகர்ந்திருக்காத அந்தத் தடியன்கள், தொண்டைவரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டு வழிவிட்டார்கள். என் ஆயுளில் அப்படி ஒரு துணிச்சலை நான் கண்டதில்லை.

நான் பின்னாலேயே ஓடினேன். வெளியே நல்ல வெயில். அவர்கள் முன்னும் பின்னுமாக யுகெத் வீடுவரை நடந்தார்கள். யுகெத் கதவைத் திறந்து, மகனையும் அவளையும் சேர்த்துப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். லுதோவிக் திரும்பினான்.

"மேடம், நான்..."

"ஒரு வார்த்தை பேசினே, அறைஞ்சிடுவேன். உள்ள போ."

கதவு தாழிடும் சத்தம் கேட்கும்வரை நின்றாள். பிறகு நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நீ மனுஷியே இல்லடி, தெய்வம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"பொத்துடி வாயை. நான் அவனை மன்னிச்சிட்டேன்னு ஊர்ல எவளாவது சொன்னா நாக்கை இழுத்து வெச்சு அறுப்பேன்." எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "அந்தக் கிடங்குல அவ அவனை அடிச்சாளே, அப்ப முதல்ல கைதட்டப் போனது யாருன்னு நினைக்கிற?"

"தியெரிதான். பார்த்தேனே."

"நான்டி. அவனுக்கும் முன்னாடி. ரெண்டு கையையும் தொடைக்கு அடியில திணிச்சு, அது மேல உட்கார்ந்துக்கிட்டேன். கடைசிவரைக்கும் எடுக்கலை."

மைக்கை மடியில் போட்டுவிட்டுக் கைகளை விரித்துக் காட்டினாள். இரண்டு உள்ளங்கைகளிலும் நாற்காலி விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. அதன் பிறகுதான் அழுதாள்.