மூன்றாவது அருவிக்குப் பின்னால்

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்களை நான் தடுக்கப்போவதில்லை. ஆனால் அன்றைக்குக் கூடப்போன ஆறு பேரும் இருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். ஏழாவது ஆள்தான் இதை என்னிடம் சொன்னவள். பெயரைப் போடாதே என்றாள். போடவில்லை.

ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. அந்த நாளுக்கு ஐந்து மாதம் முன்னால் அவளுடைய அண்ணன் செத்துப்போனான். இரண்டு பேரும் ஒரே வீடு, ஒரே சமையல். காலையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டான். அவள் அழவில்லை. மறுவாரமே வேலைக்கு வந்து, "மூச்சை இழுத்துப் பிடிங்க... விடுங்க" என்று நாளுக்கு நாற்பது தடவை சொல்ல ஆரம்பித்தாள். குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இவளை இப்படியே விட்டால் சரிப்படாது என்று வார்டைக் கவனிக்கும் பெரிய சிஸ்டர்தான், ஆஸ்பத்திரிக்காரர்கள் அருவி பார்க்கப் போனபோது இவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை 8:10க்கு வேனை விட்டு இறங்கினார்கள். ஃபார்மசிஸ்ட், அவர் மனைவி, லேபிலிருந்து இரண்டு பேர், பில் கவுண்டர்காரர். கடைசி ஆளுக்கு வாய் ஓயாது, அதனால் பெயரே ரேடியோ. காட்டுப்பாதையில் அடுத்தடுத்து மூன்று அருவி. வழிகாட்டி முன்னால் நடந்தார். யாரும் தனியாக ஒதுங்கக்கூடாது, அட்டை கடிக்கும், காலைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் வரிசையில் கடைசியாக நடந்தாள்.

9:25க்கு முதல் அருவி. போட்டோ எடுத்துக்கொண்டு மேலே ஏறினார்கள். கொஞ்ச தூரத்தில் அவளுக்குப் பின்னால் காலடிச் சத்தம். சரக்... சரக்... ஃபார்மசிஸ்ட்டின் மனைவிக்கு முட்டிவலி, அவர்தான் பின்தங்கி வருகிறார் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. யார் முகத்தையும் பார்க்கத் தோன்றாத நாட்கள் அவை.

10:40க்கு இரண்டாவது அருவி. இரைச்சல் என்றால் அப்படியோர் இரைச்சல். ரேடியோவின் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவரே கையை விரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"மெதுவா போங்க. அவசரம் ஒண்ணுமில்ல."

கத்திச் சொன்ன குரல் இல்லை. பக்கத்துத் தலையணையிலிருந்து சொன்ன மாதிரி கேட்டது. அது எப்படி முடியும் என்று அப்போது அவளுக்குத் தோன்றவேயில்லை.

11:15. மூன்றாவது அருவிக்குக் கீழே ஓடையைத் தாண்ட வேண்டும். பாறை எல்லாம் வழுக்கல். பின்னாலிருந்து ஒரு கை அவளுடைய இடது கையைப் பிடித்தது. சாரலில் எல்லோரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். அந்தக் கை மட்டும் காய்ந்திருந்தது. காகிதம் மாதிரி.

மற்றவர்கள் வலது பக்கம் ஏறினார்கள். கை அவளை இடது பக்கம் இழுத்தது. அருவிக்குப் பின்னால் ஒரு பாறை.

"இங்க உக்காரலாம்."

உட்கார்ந்தாள். காலைத் தண்ணீரில் விட்டாள். சில்லிடவில்லை...

"அண்ணன் நினைப்பு வருதா?"

யோசித்துப் பார்த்தாள்.

"வரல."

"அதுதான் நல்லது."

அண்ணன் முகத்தை நினைத்துப் பார்த்தாள். மூக்கு... வரவில்லை. கண்... வரவில்லை.

ஐந்து மாதத்தில் முதல்முறையாகப் பயந்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

கையை உருவினாள். பிடி இறுகியது.

எங்கேயோ விசில்...

பளீரென்று கன்னத்தில் ஓர் அறை.

எதிரே பெரிய சிஸ்டர். "யார்கூட பேசிட்டிருக்க?"

அப்போதுதான் அவள் பக்கத்தில் திரும்பினாள். யாருமில்லை. பாறை முழுக்க ஈரம். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் காய்ந்திருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாரல் அதையும் மூடிவிட்டது.

ஐந்து நிமிஷம்தான் உட்கார்ந்திருப்பேன் என்றாள். பெரிய சிஸ்டரின் கடிகாரத்தில் மணி 1:05. பதினொன்றரையிலிருந்து அவளைத் தேடியிருக்கிறார்கள். அந்தப் பாறையை இரண்டு தடவை வந்து பார்த்ததாகவும், அங்கே ஆளே இல்லை என்றும் ரேடியோ சொன்னார். அதற்குப் பிறகு வேன் வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

ஃபார்மசிஸ்ட்டின் மனைவி வேனில் படுத்திருந்தார். முட்டி தாங்காமல் முதல் அருவியிலேயே திரும்பிவிட்டாராம். பத்தரை மணிக்கெல்லாம் வந்து படுத்துவிட்டார் என்று டிரைவர் சொன்னார்.

எல்லோரும் செருப்பைக் கழற்றி அட்டையைப் பிடுங்கினார்கள். ஆளுக்கு ஐந்து, ஆறு. பெரிய சிஸ்டர் அவளுடைய கால் இரண்டையும் விரல் இடுக்கு விடாமல் பார்த்தார். ஒன்றுகூட இல்லை. கடித்த தடமும் இல்லை.

அவள் மறுநாள் வேலைக்கு வந்தாள்.

அதற்கு மூன்றாவது ஞாயிறு. அவளுக்கு அன்றைக்கு டியூட்டி. காலை பத்திலிருந்து ஒன்றுவரை பதினான்கு படம் எடுத்திருக்கிறாள், ரிஜிஸ்டரில் நேரத்தோடு இருக்கிறது. சாயங்காலம் வழிகாட்டி பெரிய சிஸ்டருக்குப் போன் செய்தார். வேறு ஒரு கூட்டத்தோடு வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் காணாமல் போய், மத்தியானம் அதே பாறையில் கிடைத்தாராம். உயிருக்கு ஒன்றுமில்லை. ஒரு பொம்பளை கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள் என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

நீ யார் என்று வாத்தியார் கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் என்று சொன்னாளாம். அண்ணன் செத்து ஐந்தாறு மாதம் ஆகிறது என்றாளாம். வீட்டுக்குப் போகலையா என்று வாத்தியார் கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்னதை வழிகாட்டி அப்படியே சொல்ல, பெரிய சிஸ்டர் போனைப் பிடித்தபடி, இவள் உள்ளே வேலையாக இருந்த எக்ஸ்ரே அறை வாசலில் நின்று கேட்டார்.

"என்கூட வந்தவங்க என்னை இங்கயே விட்டுட்டு இறங்கிட்டாங்க. அது இன்னும் அவங்களுக்கே தெரியாது."