ஏணிக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். இது நடந்தது என்று என் வலது உள்ளங்கைக்குத் தெரியும்.

விவாகரத்தில் வீடு அவருக்குப் போயிற்று. பாய்மரப் படகு எனக்கு வந்தது. ஒரு வருஷமாக அதிலேயே தனியாகக் குடியிருந்தேன். படகில் இரண்டு பேட்டரிகள். ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது விளக்குகளுக்கு. எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துச் சார்ஜ் ஏற்றலாம். எஞ்சினை நிறுத்தியதும் ஸ்விட்சைத் திருப்பி அவற்றைப் பிரித்துவிட வேண்டும்.

"ரெண்டும் மாமியார் மருமக மாதிரிக்கா," என்பான் படகு எலக்ட்ரீஷியன். "ராத்திரி ஒண்ணா விட்டீங்கன்னா ஒண்ணை ஒண்ணு உறிஞ்சிடும். எஞ்சின் கிர்ருன்னுகூடச் சொல்லாது."

அன்று மதியம் நான் கரைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் வந்து வயர்களைச் சரிபார்த்துவிட்டுப் போயிருந்தான்.

மாலையில் காற்று வலுத்தது. படகுக்குப் பின்னால், கூப்பிடு தூரத்தில் பாறைகள். நங்கூரம் நழுவினால் எஞ்சின் ஒன்றுதான் கதி. பேட்டரியிலிருந்து கிளம்பும் வாயு வெளியேற மேல் கதவைத் திறந்துவைத்து, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றினேன். நிறுத்தினேன். சாப்பிட்டேன். ஸ்விட்சை அடியோடு மறந்துபோனேன்.

8.10. படுத்திருந்தேன்.

தக்.

மேல்தளத்திலிருந்து அறைக்குள் இறங்கும் ஏணிக்குப் பின்னாலிருந்து வந்தது. கயிறு அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். விளக்கு லேசாக மங்கியது. அப்போதுதான் நினைவு வந்தது... பேட்டரிகளைப் பிரிக்கவில்லை.

அந்த ஸ்விட்ச் ஏணிக்குப் பின்னால் ஒரு பொந்தில் இருக்கிறது. பார்க்க முடியாது. முழங்கை வரை கையை விட்டுத் தடவித்தான் திருப்ப வேண்டும்.

விட்டேன். கைப்பிடி அகப்பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

திருப்பினேன். என்னோடு சேர்ந்து இன்னொருவரும் திருப்புவதுபோல, இலகுவாகத் திரும்பியது. தக்.

கையை உடனே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. வெதுவெதுப்பான எதையும் நான் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பிறகு... அது என் கையை இறுக்கியது.

மெதுவாக.

இழுத்துக்கொண்டேன்.

அதன்பின் உள்ளே போகவில்லை. மேல்தளத்திலேயே உட்கார்ந்திருந்தேன். விடிய வெகுநேரம் இருக்கும்போதே நங்கூரம் நழுவியது. பாறை நெருங்கியது. பட்டனை அழுத்தினேன். எஞ்சின் முதல் அழுத்தலிலேயே பிடித்துக்கொண்டது. பிழைத்தேன்.

காலையில் எலக்ட்ரீஷியன் தோணியில் வந்தான்.

"மெசேஜ் பாக்கலையாக்கா?"

"ஃபோன்ல சார்ஜ் இல்லப்பா."

"நல்லாருக்கு! படகு பூரா பேட்டரி, ஃபோன்ல சார்ஜ் இல்லையாம்." சிரித்தபடி பையிலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் துண்டை எடுத்தான். "ஸ்விட்ச் கைப்பிடி. நேத்து மதியமே உடைஞ்சு கையோட வந்துடுச்சு. ரெண்டும் சேர்ந்தபடியே நின்னுபோச்சு. நான் வர்ற வரைக்கும் விளக்குப் போடாதீங்கன்னுதான் மெசேஜ் அனுப்பினேன்."

பொந்துக்குள் டார்ச் அடித்தான். சுண்டுவிரல் நகமளவு இரும்புக் குச்சி மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தது.

அவன் சிரிப்பு நின்றது.

"பிரிஞ்சிருக்கே... இடுக்கி போட்டாலும் அசையாதேக்கா. எதைப் புடிச்சுத் திருப்பினீங்க?"

வலது உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

புதுக் கைப்பிடியை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அவன் தோணி மறைந்ததும் பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தேன்.

சில்லென்று இருந்தது.