லைட் பார்க்க உட்கார்ந்தவள்

யாராவது என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் இப்போதெல்லாம் காது கூசுகிறது. "முகத்துக்கு உயிர் குடுக்கிறவர்" என்பார்கள். போங்கப்பா. முப்பது வருஷமாக ஆள் படம் எடுக்கிறேன். வீட்டு முன்னறைதான் ஸ்டூடியோ. பின்னறையில் இருக்கும் சொந்த மனைவியை ஒரு தடவைகூட ஒழுங்காகப் படம் எடுக்காத மகானுபாவன் நான். அதையும் இன்னொருவன் வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எனக்கு வெளிச்சக் கிறுக்கு. தெருவில் நடந்தால் மனிதர்களைப் பார்க்க மாட்டேன், அவர்கள் மேல் விழுகிற வெளிச்சத்தைப் பார்ப்பேன். ஒருநாள் பேருந்தில் பக்கத்து ஆள் செய்தித்தாளை விரித்தார். வெயில் தாளில் பட்டுத் திரும்பி, அவர் தாடைக்குக் கீழே இருந்த நிழலை அப்படியே துடைத்துவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்ததில் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இன்னொரு நாள் பேக்கரியில், கேக்குக்கு அடியில் போடும் மெல்லிய தாளை யாரோ ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். நாலு தாள் கெஞ்சி வாங்கி வந்து விளக்கின் முன்னால் ஒட்டினேன். வயதானவர்களின் சுருக்கங்கள் அதில் அவ்வளவு அழகாக விழுந்தன.

எதைக் கண்டுபிடித்தாலும் வாசலிலேயே குரல் கொடுப்பேன். "ஏய், ரெண்டு நிமிஷம் வந்து உட்காரு!"

வந்து உட்காருவாள். சோப்பு நுரைக் கையோடு, பாதி பின்னிய தலையோடு, ஒருமுறை காய்ச்சலோடும். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள். "நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, இல்ல சுவரா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்டூலில் ஏறுவாள். நானும் சிரிப்பேன். நிறம் பார்க்கிற சாம்பல் அட்டையை அவள் கையில் கொடுத்துத் தாடைக்குக் கீழே பிடிக்கச் சொல்வேன். வெளிச்சம் சரியாக விழுகிறவரை சோதனைப் படமாகத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆச்சு, எழுந்திரு" என்பேன். வாடிக்கையாளர் வந்து சூடு ஆறாத அந்த ஸ்டூலில் உட்காருவார். பேர் எனக்கு.

இரண்டு மாதம் முன்பு ஒரு மாலை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"ஏங்க, இருபத்தஞ்சு வருஷம் வேலை பார்த்தவங்க படத்தை நுழைவாசல் சுவர்ல மாட்டப் போறாங்களாம். மொத்தம் பதினோரு பேரு. நானும் ஒருத்தி." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் தாங்கவில்லை. "என் வீட்டுக்காரர் எடுப்பார்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். டாக்டருங்க படம் மாட்டியிருக்கிற சுவருங்க அது."

"அதுக்கென்ன, ஜமாய்ச்சிடலாம்" என்றேன்.

மனசாரத்தான் சொன்னேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தலைவாரி, விசேஷத்துக்கு உடுத்துவதை உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இவளுக்கு சாதாரண வெளிச்சம் போதாது என்று எனக்கு ரோஷம். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி ஜன்னலோரம் சாய்த்து, அதன் மேல் மெல்லிய வெள்ளைத் துணியைப் போட்டு, முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டினேன். கடைசியில் ஒரு வெளிச்சம் வந்தது பாருங்கள், அடடா! அந்த நேரம் பார்த்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் உள்ளே நுழைந்தார். குழி விழுந்த கன்னம், வெண்புருவம். அந்த வெளிச்சத்துக்காகவே செய்து வைத்த மாதிரி முகம்.

"ஆச்சு, எழுந்திரு. உன்னை நாளைக்கு எடுக்கிறேன்."

எழுந்தாள். அட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். தலைமையாசிரியர் படம் பிரமாதமாக வந்தது. பெரிதாக்கி ஜன்னலில் மாட்டினேன். நாளை, நாளை மறுநாளானது. பள்ளிக்கூடங்களில் குழுப்படம் எடுக்கிற பருவம் வேறு. மூன்று தடவை நினைவுபடுத்தினாள். நாலாவது தடவை எதுவும் கேட்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். என் வசதிக்கு அப்படி நினைத்தேன் என்பதே சரி.

கடைத்தெரு முனையில் ஒருவன் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பத்து நிமிஷத்தில் படம் என்று பலகை. அவனுக்கு நான் வைத்த பெயரே 'பத்து நிமிஷம்'. அவன் எடுப்பது படமில்லை, ரசீது என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். போன வாரம் காலையில் அவன் என் வாசலில் நின்றான்.

"அண்ணே, அண்ணி மூக்குக்கண்ணாடிய எங்க கடையில விட்டுட்டுப் போயிட்டாங்க. நேத்து ஃபோட்டோ எடுக்க வந்தாங்கல்ல."

கண்ணாடியை வாங்கிக்கொண்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. அண்ணன் எடுக்கலையான்னு கேட்டேன். அவருக்கு வேலை நெருக்கடின்னாங்க." அப்புறம் அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணு சொல்றேன் கேளுங்க. லைட்டெல்லாம் வச்சுட்டு, 'ம், சரியா இருக்கு'ன்னு நான் சொன்னதுதான் தாமதம், அண்ணி எழுந்துட்டாங்க. 'எங்க அண்ணி கிளம்பிட்டீங்க?'ன்னு கேட்டா, 'ஆச்சுல்ல, ஆளை உட்கார வைங்க'ங்கறாங்க!"

அவன் கள்ளமில்லாமல் சிரித்தான். நானும் ஹிஹி என்று பல்லைக் காட்டினேன். அவன் போனதும் கதவைச் சாத்தினேன்.

கம்ப்யூட்டரில் 'சோதனை' என்றொரு பெட்டி இருக்கிறது. திறந்தேன். ஆறாயிரத்துச் சொச்சம் படங்கள், எல்லாம் அவள். பாதி முகம் வெளிச்சத்தில் வெந்துபோனவை, பேசிக்கொண்டிருக்கும்போது வாய் கோணியவை, கண் மூடியவை, காய்ச்சல் படங்கள். அதில் அவளுக்கு உதடு வெடித்திருக்கிறது. அன்றைக்கு அதை நான் பார்க்கவே இல்லை, மூக்கு நிழலைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமைப் படமும் இருந்தது. வாரிய தலை, நல்ல உடுப்பு, என்னைப் பார்த்து லேசான சிரிப்பு. தாடைக்குக் கீழே சாம்பல் அட்டை. பிடிக்கச் சொன்னவன் நான். சீ என்று இருந்தது.

சாயங்காலம் வந்தவள் மேஜை மேல் கண்ணாடியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"உங்ககிட்ட சொல்லாம போயிட்டேங்க. இன்னிக்குள்ள குடுத்தாகணும்னாங்க, அதான். கோவமா?"

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்! பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கலாம்.

"உட்காரு" என்றேன். "உன்னை எடுக்கிறேன்."

"படம் குடுத்தாச்சுங்க. இனிமே எதுக்கு?"

"எனக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். நான் கேமராவைத் தூக்கினேன். யார் வந்தாலும் சிரிக்க வைக்க என்னிடம் இருபது ஜோக்கு உண்டு, அதில் ஒன்றைத் தேடினேன். அவளாகவே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள், தாடையைக் கொஞ்சம் உயர்த்தினாள். ஒரு கை தானாக நீண்டு, மேஜையில் கிடந்த சாம்பல் அட்டையை எடுத்தது.

"இந்தப் பக்கம் வெளிச்சம் போதுமாங்க?" என்று கேட்டாள்.