பத்தாவது வினாடியில் 5.7 வோல்ட்

நாற்பத்தோரு வயதில் பிரிக்பீல்ட்ஸில் சனிக்கிழமை மின்னியல் வகுப்பில் சேர்ந்தேன். பரிசோதனையில் எனக்கு ஜோடி, செராஸில் பள்ளி வேன் ஓட்டும் ஓர் அக்கா.

அன்று ஒன்பது வோல்ட் பேட்டரியிலிருந்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் வழியாக, மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டருக்கு மின்சாரம் ஏற்றினோம். பத்து வினாடியில் 5.7 வோல்ட் ஏறும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். மீட்டரோ ஏழைத் தாண்டியது. பள்ளியில் கணக்கில் தோற்றவன் நான், முகம் வாடிவிட்டது.

"மீட்டர் சரியில்லையோ?" என்றேன்.

அக்கா குனிந்து பார்த்தார். "இல்ல தம்பி. முன்னாடி ஒயர் மாட்டிப் பார்த்தோம்ல, அப்பவே கொஞ்சம் ஏறிருச்சுலா. மொதல்ல அதைக் காலி பண்ணணும்."

கெபாசிட்டரின் இரண்டு கால்களையும் இன்னொரு ரெசிஸ்டரால் இணைத்து, மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை காத்திருந்தோம். பிறகு மறுபடியும் பேட்டரியை மாட்டினேன். அக்கா கைப்பேசியைப் பார்த்து வினாடிகளை எண்ணினார். எண்கள் முதலில் பாய்ந்து ஏறின. நிரம்ப நிரம்ப வேகம் குறைந்தது.

"பத்து!"

மீட்டரில் 5.7.

"வந்துருச்சுக்கா!" நான் கத்தியதில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"இருபதுல எவ்ளோ வரும், சீக்கிரம் சொல்லு!"

"ஏழு புள்ளி எட்டு!"

அதுவும் வந்தது. சாப்பிடப் போகாமல் இன்னும் நான்கு முறை செய்து பார்த்தோம்.